மேனேஜர் மாமா வாங்கிய திட்டு

தமிழ்நாட்டில் இதுவரை பிறந்தவர்களிலேயே அதிகம் திட்டு வாங்கியவர் எங்கள் மேனேஜர் மாமாதான். அரசியல்வாதிகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்களை நாம் முதுகுக்குப் பின்னால்தான் திட்டுகிறோம். மாமா வாங்கியதெல்லாம் நேரே காதுக்குள், ஹெட்செட் வைத்து, ஒரு சொல் சிந்தாமல்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் மேனேஜர் இல்லை. எனக்கும் அவருக்கும் ஒரே வேலை, ஒரே சம்பளம், அடுத்தடுத்த நாற்காலி. நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையின் மூன்றாம் மாடியில் இருந்தது எங்கள் கால் சென்டர். ஓர் இன்வெர்ட்டர் கம்பெனிக்கு வந்த புகார்களைக் கேட்டு வருந்துவது எங்கள் தொழில். கரண்ட் போய், வாங்கி வைத்த இன்வெர்ட்டரும் கைவிட்டு, வேர்த்து ஒழுகிக்கொண்டிருக்கும் மனிதன் எங்களைக் கூப்பிடுவான். அவன் கொஞ்சிப் பேச மாட்டான் என்பது உங்களுக்கே தெரியும்.

ஒரு அழைப்பில் மூன்று தடவை வருந்த வேண்டும். இரண்டு தடவை வருந்தினால் மதிப்பெண் குறையும். நான்கு தடவை வருந்தினால் நேரம் வீண். பாத்ரூம் போக ஒரு ஷிப்டுக்குப் பதினைந்து நிமிஷம். அங்கே போய் அழுதாலும் அதே பதினைந்து நிமிஷத்துக்குள்தான் அழ வேண்டும். பத்து வினாடி பேசாமல் இருந்தால் அதற்கு 'டெட் ஏர்' என்று பெயர், அது பெரிய குற்றம். எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம், நாம் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறோம் என்று சொல்வது. நாங்கள் எல்லோரும் சென்னையில் இருப்பதாக ஐதீகம். யாராவது பேச்சுவாக்கில் "அங்க மழையா?" என்று கேட்டால் மாட்டிக்கொள்ளக் கூடாதல்லவா? அதற்காகச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. தினமும் காலையில் டீம் லீடர் அதில் சென்னை வானிலையை எழுதிப்போடுவான். வெளியே நாகர்கோவிலில் ரோடு தெரியாமல் மழை கொட்டும். நான் பலகையைப் பார்த்து, "இங்க வெயில் கொளுத்துது சார்" என்பேன்.

மாமா குளச்சல்காரர். துறைமுகத்தில் மீன் ஏலம் விட்டவர். தொண்டையில் ஏதோ கட்டி வந்து, எடுத்துவிட்டு, இனிமேல் கத்தவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கத்தாமல் பேசுகிற வேலை எது என்று விசாரித்துக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தார். நாங்கள் எல்லோரும் இருபத்து மூன்று, இருபத்து நான்கு. அவருக்கு ஐம்பத்து இரண்டு. இன்டர்வியூவில் "ஏன் இந்த வேலைக்கு வருகிறீர்கள்?" என்று கேட்டதற்கு, "வேற எவனும் கூப்பிடல்ல சார்" என்றாராம். உண்மை பேசியதற்காகக் கால் சென்டரில் ஒருவருக்கு வேலை கிடைத்தது அதுதான் முதலும் கடைசியும்.

அவர் மேனேஜர் ஆனது வந்து சேர்ந்த இரண்டாம் வாரம். ஈரோட்டிலிருந்து ஒருவர் என்னைப் போட்டுக் காய்ச்சிவிட்டு, "உன்கிட்ட என்ன பேச்சு? மேனேஜரைக் கூப்பிடு" என்றார். எங்கள் பாஷையில் இதற்கு 'மேலே கொடுப்பது' என்று பெயர். ஆனால் மேலே யாரும் வாங்கமாட்டார்கள். நிஜ மேனேஜர் கண்ணாடி அறைக்குள் இருந்தார். அவர் ஹெட்செட்டைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. டீம் லீடருக்கு இந்த மாதிரி நேரத்தில் மட்டும் தவறாமல் தாகம் எடுக்கும். நான் முழித்துக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு லைனை வாங்கியது.

"மேனேஜர் பேசுறேன். சொல்லுங்க."

அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாமாவின் குரல் அப்படி ஆகியிருந்தது. தாழ்ந்து, கரகரத்து, பத்து பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவரின் குரல். ஈரோட்டுக்காரர் முதலில் அடங்கிப்போனார். பிறகு, இவ்வளவு பெரிய மனிதர் கிடைத்திருக்கிறாரே என்ற சந்தோஷத்தில் பதினெட்டு நிமிஷம் திட்டினார். கடைசியில் "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லி வைத்தார்.

அன்றிலிருந்து எங்கள் தளத்தில் 'மேலே' என்றால் எனக்கு வலப்பக்கம், இரண்டடி தூரம். டீம் லீடருக்குத் தாகம் எடுப்பது நின்றது. கண்ணாடி அறைக்கும் விஷயம் தெரியும். தெரிந்ததாக அவர்கள் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மாமாவுக்கு ஒரு கிறுக்கு உண்டு. எதைச் செய்தாலும் அதை நிஜமாகவே செய்வார். மறுவாரமே ஒரு நீல நிற டை வாங்கிக்கொண்டு வந்தார். மானிட்டரின் மூலையில் அது தொங்கும். சாதாரண அழைப்புக்கு அதைத் தொட மாட்டார். மேலே கொடுத்தால் மட்டும் எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்.

"எதுக்கு மாமா இது? அவரு கண்ணுல தெரியவா போவுது?" என்று கேட்டேன்.

"இது கழுத்துல இல்லாட்டி பொய் சொல்லுத மாதிரி இருக்கு மக்கா."

திட்டு வாங்கும்போது எழுந்து நின்றுவிடுவார். ஹெட்செட் வயர் குட்டை, முழுதாக நிமிர முடியாது. பாதி குனிந்து, டை கீபோர்டில் புரள, கோயில் நடையில் நிற்கிற மாதிரி நிற்பார். ஏன் என்றால், "அந்த மனுசன் நின்னுட்டுல்லா பேசுதாரு. சத்தத்துல தெரியல்லியா? அவரு நிக்கும்போ நான் எப்படி இருக்கது?" என்பார்.

வாங்கிய திட்டை அவர் ஏலத்து மீன் மாதிரி தரம் பிரிப்பதுதான் எங்களுக்குப் பெரிய பொழுதுபோக்கு. லைனை வைத்ததும் நாங்கள் நாலைந்து பேர் நாற்காலியைத் திருப்பி அவர் முகத்தைப் பார்ப்போம். "சாளை" என்பார். அப்படியென்றால் சில்லறைத் திட்டு, கூடை கூடையாக வருவது. "அயிலை" என்றால் பரவாயில்லை ரகம். குடும்பத்தை இழுத்தால் "முள்ளு கூடுதல்". கோயம்புத்தூர் அழைப்பு என்றால் அவருக்கு உற்சாகம். "ஏனுங்க போட்டுல்லா திட்டுதாவ. கேக்கதுக்கே சொகம்." ஒருநாள் தஞ்சாவூரிலிருந்து ஒரு ரிட்டயர்டு ஆசிரியர் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் அரை மணி நேரம் திட்டினார். மாமா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நெய்மீன் மக்கா, நெய்மீன்! இன்னைக்கு வேற எதுவும் வாங்கண்டாம்" என்று சொல்லி டீ குடிக்கப் போய்விட்டார்.

சிரித்தோம். ஆனால் எல்லாம் சிரிப்பு இல்லை. எங்களில் எவளாவது குரல் உடைந்து போய், இன்னும் ஒரு சொல் கேட்டால் அழுதுவிடுவேன் என்கிற இடத்துக்கு வந்தால், மாமா பக்கத்திலிருந்து இரண்டு விரலைச் சொடுக்குவார். மேலே கொடு என்று அர்த்தம். வாடிக்கையாளர் மேனேஜரைக் கேட்டிருக்கவே மாட்டார், ஆனாலும் கொடுப்போம். அவர் வாங்கிக்கொள்ளும் அந்த ஐந்து நிமிஷமும் எங்களுக்கு. பாத்ரூம் கணக்கில் வராத அழுகை அது ஒன்றுதான். தொண்டைக்குச் சூடு ஆகாது என்று டாக்டர் சொன்னதையும் மறந்து, ஷிப்டு முடிகிற நேரத்தில் இருமிக்கொண்டே சுக்கு வெந்நீர் குடிப்பார்.

இனி நான் சொல்லப்போவது என்னைப் பற்றியும்தான்.

தங்கபாய் என்று ஒரு அக்கா. பேச்சிப்பாறைக்கு மேலே, ரப்பர் தோட்டங்களைத் தாண்டி வீடு. அவருடைய கணவர் கல் குவாரியில் வேலை பார்த்து நுரையீரல் போனவர். வீட்டில் ஆக்சிஜன் மிஷின் வைத்து மூச்சு விடுகிறவர். மலையில் காற்று அடித்தால் மரம் விழும், மரம் விழுந்தால் கரண்ட் போகும். அதற்காக எங்கள் கம்பெனி இன்வெர்ட்டரை வாங்கியிருந்தார்கள். அது ரிப்பேர்.

முதல் புகாரைப் பதிந்தது நான். மூன்று முறை வருந்தினேன். இரண்டரை நிமிஷத்தில் முடித்தேன். அந்த வாரத்தின் மிகச் சுருக்கமான அழைப்பு என்று கைதட்டி எனக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார்கள். தின்றேன்.

மெக்கானிக் போகவில்லை. வண்டி பாதி தூரம்தான் போகும், மீதியை நடக்க வேண்டும். யார் நடப்பது? 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று எழுதினால் மூன்று நாளில் புகார் தானாக மூடிக்கொள்ளும். அந்த அக்கா மறுபடி கூப்பிட்டால் புது எண், புது வருத்தம். எங்கள் திரையில் பார்த்தால் அவருடைய மூன்று புகார்களும் பச்சை நிறத்தில், தீர்க்கப்பட்டதாக இருந்தன. அந்த வீட்டைவிட்டு நகரவே முடியாத மனிதர் மூன்று முறையும் வீட்டில் இல்லை.

நான்காவது அழைப்பு எனக்கு வந்தது. அவர் கத்தவில்லை.

"பிள்ளே, நீங்க எல்லாரும் வருந்துதிய. நல்ல காரியம். ஆளு எப்ப வரும்?"

அது என் பேச்சு. நான் சுசீந்திரத்தில் வீட்டில் பேசுகிற பேச்சுக்கு அக்காள் தங்கை. ஒரு பஸ் ஏறினால் இந்த அக்காவின் வீட்டுப் பக்கம் போய் இறங்கலாம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் மேடம்" என்றேன்.

"மெட்ராஸ்ல இருந்து பேசுத ஒனக்கு இது எப்படி வெளங்கும்? ஒனக்கு மேல உள்ளவரு யாராவது உண்டா?"

மாமா டையை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார். நானும் அந்த லைனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். திட்டு வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை.

"சாரே, கரண்ட் போனா நான் அவியளுக்கு விசிறி எடுத்து வீசுதேன். கை ஓயுத வரைக்கும் வீசுதேன். விசிறிக் காத்துல ஆக்சிஜன் உண்டா சாரே?"

மாமா பேசவில்லை. திரையின் ஓரத்தில் வினாடி ஓடியது. ஒன்பது, பத்து, பதினொன்று. டெட் ஏர். டீம் லீடர் தூரத்திலிருந்து கையை ஆட்டினான். பதினான்காவது வினாடியில் மாமா வாய் திறந்தார். சென்னைத் தமிழ் போன இடம் தெரியவில்லை.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஆளு வரும் மக்களே. மேனேஜர் சொல்லுதேன்."

 "சாரு நம்ம ஊரா?" என்றார் தங்கபாய்.

"நம்ம ஊருதான்."

அவ்வளவுதான், பலகையில் எழுதியிருந்த சென்னை வெயில் ஒரு நொடியில் பொய்யாகிப்போனது. மாமா அன்று முழுக்க அழைப்பு எடுக்கவில்லை. டீலருக்குப் போன் செய்தார். ஆள் இல்லை என்றார்கள். மெக்கானிக்குக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. கண்ணாடி அறைக்குள் போய் நின்றார். நிஜ மேனேஜர் திரையைப் பார்த்துவிட்டு, "எல்லாம் க்ளோஸ் ஆகியிருக்கே, என்ன பிரச்சினை?" என்று கேட்டாராம்.

மறுநாள் எனக்கு வார விடுமுறை. காலையிலேயே மாமாவின் போன். "ஏட்டி, வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நில்லு. முதல் கம்ப்ளைண்டு ஒனக்க கையாலதான போட்டது? வந்து பாரு."

அவருடைய மச்சானின் மீன் வண்டியில் வந்தார். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு இன்வெர்ட்டர், ஒரு பேட்டரி.

"எங்கேருந்து மாமா?"

"எனக்க வீட்டுல உள்ளது. ஒனக்க மாமி போனு பண்ணுனா எடுக்காத."

பேச்சிப்பாறை தாண்டியதும் தார் ரோடு முடிந்தது. அதற்கு மேல் வண்டி மறுத்துவிட்டது. ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு, பேட்டரியைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு ஏறினோம். ஐம்பத்து இரண்டு வயது ஆள், டை கட்டிக்கொண்டு, மீன் நாற்றத்தோடு, மூச்சிரைக்க ஒரு இன்வெர்ட்டரைத் தோளில் சுமந்துகொண்டு மலை ஏறுவதை ரப்பர் மரங்கள் அதற்கு முன் பார்த்திருக்காது. நான் வயர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

வீட்டுக்குள் கரண்ட் இல்லை. கட்டிலில் அவர் உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டும் போல. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்து எலும்பு ஏறி இறங்கியது. அந்த அக்கா வீசிக்கொண்டே எங்களைப் பார்த்தார்.

"யாரு?"

"கம்பெனியில இருந்து. மேனேஜர்."

அவர் மாமாவை மேலிருந்து கீழே பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை. நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "ஸ்விட்ச் போர்டு எங்க இருக்குக்கா?" என்று கேட்டேன்.

விசிறி நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீயாட்டி? வருந்துதோம் வருந்துதோம்னு சொன்னது நீதான? இந்தா இருக்க நாரோயில்ல இருந்துட்டா மெட்ராசுன்ன?"

நான் அந்த இடத்திலேயே செத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதன் பிறகு அவர் திட்டினார் பாருங்கள், நான்கு அழைப்புகளிலும் திட்டாமல் வைத்திருந்ததை மொத்தமாக. மாமா வயரைப் பூட்டிக்கொண்டே கேட்டார். ஸ்க்ரூவை முறுக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் எழுந்து எழுந்து நின்றார். மிஷின் ஒரு தடவை கூவிவிட்டு ஓட ஆரம்பித்தது. அக்கா பாதித் திட்டில் நிறுத்திவிட்டுக் கட்டிலுக்குப் போய்க் கணவரின் மூக்கில் குழாயை வைத்தார். கொஞ்ச நேரத்தில் அந்த எலும்பு மெதுவாக ஏறி இறங்கத் தொடங்கியது.  பிறகு அந்த அக்கா அடுப்படிக்குப் போய்க் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக்கொண்டு வந்தார்.

திரும்பி வரும்போது வண்டியில், "இன்னைக்கு என்ன மீனு மாமா?" என்று கேட்டேன்.

"சும்ம இரிட்டி" என்றார்.

எங்களைக் காட்டிக்கொடுத்தது தங்கபாய் அக்காவின் நன்றி. இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, மேனேஜர் நேரில் வந்தார், தன் வீட்டு இன்வெர்ட்டரையே கொண்டு வந்து மாட்டினார், கூட ஒரு பிள்ளையும் வந்தது என்று மனம் குளிர்ந்து சொல்லியிருக்கிறார். ஐந்துக்கு ஐந்து மதிப்பெண்ணும் போட்டிருக்கிறார். எல்லா அழைப்பும் பதிவாகும் என்று நாங்கள் எல்லோருக்கும் சொல்வோமே, அதுவும் பதிவானது.

கண்ணாடி அறையில், நிஜ மேனேஜர் முன்னால் விசாரணை. நானும் நின்றேன். வாடிக்கையாளரின் விலாசத்தைச் சொந்தக் காரியத்துக்கு எடுத்தது, இருக்கும் ஊரைச் சொன்னது, ஆள்மாறாட்டம் என்று மூன்று குற்றங்கள்.

"நீங்க மேனேஜர்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"நீங்கதான் சார். தெனமும் சொல்லச் சொல்லுவியளே."

"அது ஒரு ப்ராசஸ். அதுக்காக நிஜமாவே போயிடறதா?"

மாமாவுக்கு அந்தக் கேள்வி புரியவே இல்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. கூட வந்த பிள்ளை யார் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "மச்சானுக்க மவ சார்" என்றார். என் வேலை தப்பித்தது. அவருடையது போயிற்று. நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு என் சம்பளம்தான் என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். நல்ல காரணம்தான், ஆனாலும் சொல்லவில்லை என்பது சொல்லவில்லைதான்.

அவர் போனாலும் திட்டுகிறவர்கள் போகவில்லை. மேலே யாராவது வேண்டுமே. என் குரல் கொஞ்சம் கட்டை என்று என்னை மேனேஜர் ஆக்கினார்கள். மேனேஜர் மேடம். ஆறேழு மாதம் இருந்தேன். ஒரு திட்டையும் என்னால் தரம் பிரிக்க முடியவில்லை. எல்லாம் ஒன்றுபோலவே வலித்தது.

ஒரு மத்தியானம், மேனேஜரிடம் மட்டும்தான் பேசுவேன் என்கிறார் ஒரு அம்மா என்று லைனை எனக்குத் தள்ளினார்கள்.

"மேனேஜர் பேசுறேன். சொல்லுங்க."

"நீயா மோளே?" என்றார் தங்கபாய். முதல் சொல்லிலேயே கண்டுபிடித்துவிட்டார். "சாரு இல்லியா? அவருகிட்ட சொல்லணும். இவிய காலையில போயிட்டாவ. மூச்சு முட்டிப் போவல்ல கேட்டியா, ஒறக்கத்துல போனாவ. மிஷினு ஓடிட்டுதான் இருந்துது. அதைச் சாருகிட்ட சொல்லணும்."

"அடக்கம் எப்பக்கா?"

"நாளைக்குப் பத்து மணிக்கு."

"நானும் சாரும் வாறோம்கா" என்றேன். சென்னையில் அன்று லேசான மேகமூட்டம் என்று பலகையில் போட்டிருந்தது. ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி வந்தேன். மறுபடி அந்த மாடிக்கு ஏறவில்லை.

மாமா அடக்கத்துக்கு வந்தார். சொந்தக்காரர்களைவிட அதிகமாக ஓடினார். நாற்காலி போட்டார், குழிக்கரையில் நின்றார், யாரோ ஒரு சின்னப் பிள்ளை அழுததைத் தூக்கி வைத்துக்கொண்டார். புறப்படும்போது அக்கா இன்வெர்ட்டரை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். "இங்க கெடக்கட்டு மக்களே. ராத்திரி ஒத்தையில இருப்பிய, ஒரு லைட்டாவது எரியும்" என்றார் மாமா. வீட்டில் மாமியிடம் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து தூங்கிவிட்டார். பள்ளத்தில் பஸ் இறங்கும்போதெல்லாம் அவர் தலை ஜன்னல் கம்பியில் போய் இடித்தது. என் துப்பட்டாவை நாலாக மடித்துக் கம்பிக்கும் தலைக்கும் நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். வடசேரி வந்து, பஸ் காலியாகி, கண்டக்டர் விசில் அடித்தும், அவரை எழுப்ப எனக்கு மனசு வரவில்லை.